கடனில் வைக்கும் விருந்தும் கையால் செய்யும் விருந்தும்



கொஞ்சம் நீளமான பதிவு. நோன்பு நெருங்குகிறது. நம் ஊரில் அழைப்புகளும் அடகுச் சீட்டுகளும் ஒன்றாகக் கூடும் காலம் இது. அதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தோம். கோபம் வருகிறவர்கள் கடைசிவரை வாசித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

இதில் "நாங்கள்" என்று வருவது நாங்கள் இருவரும். பள்ளிக்கூடத்தில் படிப்பித்துவிட்டு வந்து இதை எழுதுகிறவரும், பக்கத்தில் இருந்துகொண்டு "அந்த வரிய வெட்டுங்க, ஆக்களுக்கு நோகும்" என்று சொல்கிற அவருடைய மனைவியும். "நாம்" என்று வருவது இந்த ஊர் முழுவதும், எங்களையும் சேர்த்துத்தான்.

முதலில் எங்கள் குற்றத்தைச் சொல்கிறோம். 2018 கடைசியில் புது வீட்டுக்குக் குடிபோனோம். 120 பேருக்கு விருந்து. சமைக்க ஆள், வாடகைக் கதிரை, கதிரைக்கு வெள்ளை உறை, அதற்கு மேல் ஒரு ரிபன், போகும்போது ஆளுக்கொரு பெட்டி. சம்பளம் போதவில்லை. இரண்டு காப்பு அடகுக்குப் போனது. வட்டி ஹராம் என்று பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிற வீட்டிலிருந்துதான் போனது. அதை மீட்க மூன்று வருசத்துக்கு மேல் எடுத்தது. அன்று வந்தவர்களில் எத்தனை பேருக்கு அந்த ரிபனின் நிறம் ஞாபகம் இருக்கும்? எங்களுக்கே ஞாபகம் இல்லை.

காப்பு போனதைவிடப் பெரிய நட்டம் ஒன்று இருந்தது. அது எங்களுக்குப் பிறகுதான் விளங்கியது. பக்கத்து வளவு ராத்தா, முன்பெல்லாம் பின்பக்கத்தால் வந்து குசினிப் படியில் குந்தியிருந்து பிளேன்டி குடித்துவிட்டுப் போகிறவர், அந்த விருந்துக்குப் பிறகு வருவதை நிறுத்திவிட்டார். ஏன் என்று கேட்டபோது சொன்னார்: "உங்கள மாதிரி கூப்பிட்டுச் சாப்பாடு தர எங்களுக்கு ஏலாது தங்கச்சி. கூப்பிட ஏலாத நாங்க எப்பிடி வந்து வந்து சாப்பிடுற?"

உறவைக் கொண்டாட வைத்த விருந்து, பத்தடி தூரத்தில் இருந்த ஒரு கதவைச் சாத்திவிட்டது. இந்தப் பதிவில் நாங்கள் சொல்ல வருவதெல்லாம் இதுதான். கடனில் வைக்கிற ஒவ்வொரு பெரிய விருந்தும், அதைத் திருப்பி வைக்க முடியாத பத்து வீட்டின் வாயை அடைக்கிறது. அவர்கள் யாரையும் கூப்பிட மாட்டார்கள். யார் வீட்டுக்கும் போகவும் மாட்டார்கள். ஊர் இப்படித்தான் வெறிச்சோடும்.

பிறகு 2022 வந்தது. அந்த வருசத்தை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. கேஸ் சிலிண்டருக்கு விடியற்காலை தொடக்கம் வரிசை. ஏப்ரல் தொடக்கத்தில் நோன்பும் பிடித்தது. வீட்டில் அரிசி இருக்கிறது, அவிக்க வழியில்லை.

கல்வியியற் கல்லூரியில் கைப்பணி வகுப்பில் கழிவுப் பொருளில் கற்றல் உபகரணம் செய்து புள்ளி எடுத்தது அன்றைக்குத்தான் உதவியது. ஒரு வெறும் தகரப் பெயின்ட் வாளி எடுத்தோம். அடியில், பக்கவாட்டில், ஒரு ஓட்டை. வாளிக்கு நடுவில் ஒரு போத்தலை நிமிர்த்தி வைத்து, ஓட்டையால் ஒரு தடியைப் போத்தலின் அடிவரை செலுத்தி, மர ஆலையில் எடுத்து வந்த காய்ந்த மரத்தூளைச் சுற்றிவரக் கொட்டிக் காலால் மிதித்து இறுக்கினோம். போத்தலையும் தடியையும் மெதுவாக உருவினால் நடுவில் காற்றுப்பாதை. மேலே மூன்று கல், கீழ் ஓட்டையால் நெருப்பு. திறந்த வெளியில்தான் வைக்க வேண்டும். தூள் நன்றாகக் காய்ந்து, நன்றாக இறுகியிருந்தால் புகை குறைவு, ஒரு பானை நோன்புக் கஞ்சி தாராளமாக வேகும். நம் உம்மம்மாமாருக்கு இது தெரியும். நாம்தான் மறந்துபோனோம்.

மிதித்து இறுக்கியது மனைவி. கஞ்சிக்குத் தேங்காய் துருவியது "சேர்". மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்த ஒருவர் கேட்டார்: "என்ன சேர், பொம்புளயள் மாதிரி தேங்கா துருவுறீங்க?" அவருக்குச் சொல்ல வேண்டிய பதிலைப் பின்னால் சொல்கிறோம்.

மூன்றாம் நோன்பன்று ராத்தா வந்தார். கையில் ஒரு கோப்பை அவித்த மரவள்ளிக்கிழங்கு, மேலே கட்டைச் சம்பல். கஞ்சி குடித்தோம், கிழங்கு சாப்பிட்டோம். போகும்போது வாளியைப் பார்த்துவிட்டு, "எங்களுக்கும் ஒண்டு செஞ்சி தாங்களன்" என்றார். அடுத்த நாளே செய்து கொடுத்தோம். அதற்கு அடுத்த கிழமை அவர் எங்களைக் கூப்பிட்டார். மூன்று வருசத்துக்கு மேலாகச் சாத்தியிருந்த கதவை ஒரு கோப்பைக் கிழங்கு திறந்தது.

அன்றிலிருந்து ஒரு தீர்மானம் எடுத்தோம். விருந்தென்றால் நாங்கள் இருவரும் கையால் செய்ய முடிந்தது மட்டும். அதற்காக வீட்டில் சில வேலைகளும் செய்தோம். கடைக்காரர் எறிய வைத்திருந்த பெலட் பலகையைக் கழற்றி, சேன்ட் பேப்பர் போட்டுத் தேய்த்து, முற்றத்துக்கு இரண்டு வாங்கு. வாள் பிடித்தது மனைவி, ஏனென்றால் அவருடைய கைதான் கோடு பிசகாமல் போகும். மருதமுனைக் கைத்தறியில் மிஞ்சிய துண்டுகளை வாங்கி இருவருமாகத் தைத்து ஒரு சுப்ரா. மின்வெட்டுக் காலத்தில் ஜாம் போத்தலில் செய்த விளக்கு நான்கு. வெள்ளிக்கிழமை மஃரிபுக்குப் பிறகு ஒரு வீட்டாரைக் கூப்பிடுவோம். சோறு, ஒரு கறி, ஒரு சுண்டல், பிளேன்டி. முட்டை மலிவாக இருந்தால் வட்டிலப்பம். இல்லாவிட்டால் கடற்பாசி. ஒரு சஹனைச் சுற்றி ஆறு பேர் குந்தினால் விருந்து ஆரம்பம்.

இனி, எங்களுக்குக் கிடைத்த விமர்சனங்கள்.

"இது கஞ்சத்தனம்" என்றார்கள். சரி, கணக்குப் பார்ப்போம். வருசத்துக்கு ஒரு முறை 120 பேருக்குக் கொடுத்துவிட்டு மிச்ச நாளெல்லாம் கேற்றைப் பூட்டி வைப்பது தாராளமா? மாதத்தில் இரண்டு மூன்று முறை ஒரு வீட்டாரோடு உட்கார்ந்து சாப்பிடுவது கஞ்சத்தனமா? கஞ்சனைக் கண்டுபிடிக்கப் பானையைப் பார்க்காதீர்கள். வாசலைப் பாருங்கள்.

"விருந்தாளியைக் கண்ணியப்படுத்துவது மார்க்கம். இப்றாஹீம் நபி முழுக் கன்றையே பொரித்து வைத்தார்" என்றார் ஒரு பெரியவர். உண்மை. அது அவருடைய வீட்டுக் கன்று. வட்டிக் கடையில் எடுத்த கன்று அல்ல. அவரே எழுந்து போய், அவரே கொண்டுவந்து வைத்தார். ஹிஜ்ரி 7ஆம் ஆண்டு கைபரிலிருந்து திரும்பும் வழியில் ஸபிய்யா நாயகியைத் திருமணம் முடித்த நபியவர்களின் வலீமாவில் ரொட்டியும் இல்லை, இறைச்சியும் இல்லை. தோல் விரிப்பை விரித்தார்கள். இருந்தவர்கள் இருந்த ஈச்சம்பழத்தையும் நெய்யையும் பாலாடைக் கட்டியையும் கொண்டுவந்து போட்டார்கள். பிசைந்து எல்லோரும் சாப்பிட்டார்கள். வசதியுள்ளவர் ஓர் ஆட்டையேனும் அறுக்கட்டும் என்ற வழிகாட்டலும் இருக்கிறது. இருப்பவர் அறுக்கட்டும், நாங்களும் வந்து துஆச் செய்து சாப்பிடுகிறோம். இல்லாதவரை அறுக்க வைப்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. பணக்காரரை அழைத்து ஏழையை விடும் வலீமாச் சாப்பாட்டையே மிகக் கெட்ட சாப்பாடு என்று எச்சரித்திருக்கிறார்கள். அதை நம் மண்டபங்களின் வாசலில் எழுதி வைக்கலாம்.

"எல்லாரும் வீட்டில் சமைத்தால் சமைத்துப் பிழைக்கிறவர்கள் என்ன செய்வது?" நல்ல கேள்வி. அவர்களுக்கு எதிராக ஒரு சொல்லும் நாங்கள் சொல்லவில்லை. அடுத்த ஒழுங்கையில் இடியப்பம் அவித்து விற்கிற உம்மாவிடம்தான் எங்கள் வெள்ளிக்கிழமை இடியப்பமும் வருகிறது. காசு கொடுத்து வாங்குங்கள். இல்லாத காசைக் கொடுத்து வாங்காதீர்கள்.

இனி, மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தவருக்கான பதில். இதுதான் எங்களுக்கு மிக முக்கியம்.

"வீட்டுச் சாப்பாடு, எளிமை" என்று ஜும்ஆவுக்குப் பிறகு பேசுகிற ஆண்கள் பலர் இருக்கிறார்கள். அவர்கள் சொல்லும் எளிமையை யார் சமைப்பது? பன்னிரண்டு பேரைக் கூட்டி வந்து முன்னறையில் இருத்திவிட்டு, "சிம்பிளா ஏதாச்சும் செய்ங்க" என்று குசினிப் பக்கம் குரல் கொடுப்பது எளிமை அல்ல. அது ஒருத்தியின் முதுகில் ஏற்றிய பாரம். அப்படிப்பட்ட எளிமையைவிட, கையில் காசு இருந்தால், கேட்டரிங் எடுப்பது எவ்வளவோ மேல். ஆளைக் கூப்பிட்டவர் வெங்காயம் உரிக்கட்டும். சாப்பிட்டு முடிந்ததும் சஹனையும் அவரே கழுவட்டும். நபியவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று ஆயிஷா நாயகியிடம் கேட்டபோது, குடும்பத்தாரின் வேலைகளில் இருப்பார்கள், தொழுகை நேரம் வந்தால் எழுந்து போவார்கள் என்றுதான் பதில் வந்தது. தேங்காய் துருவினால் ஆண்மை குறையும் என்று எங்கே இருக்கிறது?

இன்னொரு உண்மையும் சொல்ல வேண்டும். இருவருமாக ஒரு வாங்கைச் செய்யும் பின்னேரத்தில், ஒருவர் பலகையைப் பிடிக்க மற்றவர் ஆணி அடிக்கும்போது, வருசக்கணக்கில் பேசாத கதையெல்லாம் பேசினோம். அடகுச் சீட்டை ஒளித்து வைத்த காலத்தில் எங்களுக்குள் இருந்தது மௌனம் மட்டும்தான். கடன் முதலில் சாத்துவது கணவன் மனைவிக்கு நடுவில் இருக்கும் கதவை.

பிள்ளைகளும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஐந்தாம் வகுப்பில் "எங்கள் வீட்டு விருந்து" என்று ஒரு படம் வரையச் சொன்னோம். மேடை வந்தது, பலூன் வந்தது, மூன்று தட்டுக் கேக் வந்தது. ஒரு பிள்ளைகூட அடுப்பை வரையவில்லை. உம்மாவையும் வாப்பாவையும் வரையவில்லை. விருந்தென்றால் வாடகைக்கு வருவது என்று அவர்கள் படித்துவிட்டார்கள். நாம் படிப்பித்தோம்.

இந்தப் பதிவோடு எங்கள் வாங்கின் படத்தைப் போடலாமா என்று யோசித்தோம். போடவில்லை. போட்டால் நாளைக்கு யார் வீட்டு வாங்கு அழகு என்று அடுத்த போட்டி தொடங்கும். எளிமையையும் பெருமையாக மாற்றத் தெரிந்த ஆட்கள் நாம்.

ஆகவே கேட்பது இவ்வளவுதான். இந்த நோன்பில் ஒரு நாள், ஒரே ஒரு நாள், கடன் இல்லாமல் ஓர் இப்தார் வையுங்கள். கணவனும் மனைவியும் சேர்ந்து சமையுங்கள். கஞ்சியும் ஒரு கடியும் போதும். இதுவரை உங்கள் வீட்டுப்படி ஏறாத ஒரு வீட்டாரைக் கூப்பிடுங்கள். அவர்கள் திருப்பிக் கூப்பிட்டால், கிழங்காக இருந்தாலும், கட்டாயம் போங்கள். போய் வயிறாரச் சாப்பிடுங்கள். அடுத்த முறை அவர்கள் கூச்சமில்லாமல் கூப்பிட அதுதான் வழி.

மரத்தூள் அடுப்பு வேண்டுமென்றால் வெறும் வாளியோடு வாருங்கள், செய்து தருகிறோம். மிதித்து இறுக்குவது மட்டும் நீங்கள்.

அல்லாஹ் நம் எல்லோருடைய ரிஸ்கிலும் பரக்கத் செய்வானாக. நம் கதவுகளைத் திறந்து வைப்பானாக.