காதினுள் இரையும் சில்வண்டு

நெல்லியடிச் சந்தியில் பகலெல்லாம் எழும் ஆரவாரம் இரவில் ஓய்ந்துவிடும். சிலருக்கோ அப்பொழுதுதான் காதினுள் சில்வண்டு இரையத் தொடங்குகிறது. இதுவே காதிரைச்சல். செவிப் பரிசோதனையில் குறையொன்றும் காணப்படாவிடின், "எல்லாம் மனப்பிரமை" என்று வீட்டார் கூறிவிடுகின்றனர். இது நியாயமாகுமா?

வழக்கமான பரிசோதனை செக்கனுக்கு 250 முதல் 8,000 வரை அதிர்வுள்ள ஒலிகளையே அளக்கிறது. இளஞ்செவியோ 20,000 வரை கேட்க வல்லது. அன்றியும், நத்தையோடு போலச் சுருண்ட உட்செவியில் ஏறக்குறைய 12,000 வெளி மயிர்க்கலங்கள் உள்ளன. மெல்லொலியைப் பெருக்கித் தருவன அவையே. பேரொலியால் எளிதில் நலிவனவும் அவையே. அழிந்தவை மீண்டும் முளைப்பதில்லை. அவற்றுட் சில நலிந்த பின்னரும் பரிசோதனை முடிவு நன்றாகவே அமைதல் கூடும்.

நலமுள்ள செவி ஒலியைக் கேட்பதோடு நில்லாது, மெல்லிய எதிரொலியொன்றை வெளியிடவும் செய்கிறது. இதனை 1978இல் இங்கிலாந்தின் டேவிட் கெம்ப் வெளிப்படுத்தினார். காதில் நுண்ணிய ஒலிவாங்கியை வைத்து அவ்வெதிரொலியை அளக்கலாம். அது குன்றியிருப்பின், வழக்கமான பரிசோதனைக்குத் தப்பிய நலிவும் சில வேளை புலப்படும். ஆயினும் இரைச்சலையே நேரில் அளக்கும் கருவி இல்லை. அனுபவிப்பவர் சொல்லே சான்று.

போர்க்கால வெடியோசைகளைக் கேட்ட முதியோரும், திருவிழாவில் ஒலிபெருக்கியருகே நிற்கும் சிறுவரும் நம்மிடையே உள்ளனர். இரைச்சல் ஒரு காதில் மட்டும் கேட்டாலோ, தலைச்சுற்றலோ திடீர்ச் செவிட்டுத்தன்மையோ உடன் வந்தாலோ தாமதியாது வைத்தியரை நாடுவோம். வீட்டிலொருவர் "காது இரைகிறது" என்றால் முதலில் நம்புவோம், நகையாதிருப்போம்.