பளபளப்பா? பலகையா?

கேரவன் என்றதும் நம்ம ஊரில் ஷூட்டிங் நடக்கிற இடத்தில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் ஏசி வண்டிதான் ஞாபகத்துக்கு வரும். நான் சொல்ல வருவது அது இல்லை. அமெரிக்காவில் காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகிற குட்டி வீடு. எஞ்சின் கிடையாது. படுக்கை, அடுப்பு, பாத்திரம் கழுவ ஒரு தொட்டி, எல்லாம் உண்டு. டிராவல் டிரெய்லர் என்பார்கள். 1950, 60களில் செய்த டிரெய்லர்களைத் தேடிப்பிடித்து, பழுது பார்த்து, அதிலேயே ஊர் ஊராகப் போய் ஒன்றுகூடும் ஒரு கூட்டமே அங்கே இருக்கிறது.

இது இன்று நேற்று வந்த பைத்தியம் இல்லை :-) 1919ல் ஃப்ளோரிடாவின் டாம்பா நகரில் 'டின் கேன் டூரிஸ்ட்ஸ்' என்ற சங்கம் தொடங்கியது. நடுவில் படுத்துவிட்ட அந்தச் சங்கத்துக்கு, பழைய டிரெய்லர் பிரியர்கள் 1998ல் மறுபடி உயிர் கொடுத்தார்கள். வெள்ளி நிறத்தில் மின்னும் ஏர்ஸ்ட்ரீம் டிரெய்லர்களுக்குத் தனிச் சங்கம் 1955ல் உருவானது. ஏர்ஸ்ட்ரீமை உருவாக்கிய வாலி பையம், 1959-60ல் ஒரு பெரிய கூட்டத்தையே டிரெய்லர்களோடு கேப் டவுனிலிருந்து கெய்ரோ வரை அழைத்துப் போனவர்!

சரி, விஷயத்துக்கு வருவோம். இந்தச் சந்திப்புகளில் டிரெய்லர்காரர்கள் ஒரு நாள் கதவைத் திறந்து வைத்து, வருகிறவர்களை உள்ளே விட்டுச் சுற்றிக் காட்டுவார்கள். நல்ல பழக்கம். ஆனால் கூட்டம் எங்கே அலைமோதும்? முகம் பார்க்கிற அளவுக்குப் பாலிஷ் போட்ட வண்டியிடம்தான். என்னைக் கேட்டால், பார்க்க வேண்டிய இடம் அது இல்லை. கீழே குனிந்து தரையைப் பார்க்க வேண்டும்.

ஏன் என்று கேட்கிறீர்களா? பழைய டிரெய்லரைக் கொல்வது வயது இல்லை, தண்ணீர். ஏர்ஸ்ட்ரீமின் உடம்பு அலுமினியத் தகடுகளை ரிவெட் அடித்துச் சேர்த்தது. அடியில் இரும்புச் சட்டம். இரண்டுக்கும் நடுவில் பிளைவுட் தரை. ஜன்னல் ஓரத்திலோ கூரைத் திறப்பிலோ பூசிய அடைப்புப் பசை வருடக்கணக்கில் காய்ந்து வெடித்தால், மழைத்தண்ணீர் சுவருக்கு உள்ளேயே இறங்கும். வெளியே ஒரு சொட்டுகூடத் தெரியாது. உள்ளே இருக்கும் கண்ணாடி இழைப் பஞ்சு அதை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். பிளைவுட்டின் ஓரம் ஊறி மக்கும். உடம்பைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் போல்ட்டுகளுக்குப் பிடிமானம் போய்விடும். கடைசியில் வண்டியின் பின்பக்கம் சட்டத்திலிருந்து தனியே பிரிய ஆரம்பிக்கும். மரச்சட்டத்தின் மேல் தகடு போர்த்திய சின்ன டிரெய்லர்களிலோ சுவரே உளுத்துப் போகும். அத்திப்பழத்தைப் பிட்டுப் பார்த்த கதைதான்.

இதைச் சரி செய்வது கஷ்டமான வேலை. தகட்டைக் கழற்றி, மக்கிய மரத்தை வெட்டி எறிந்து, புதுசாக இழைத்துப் பொருத்தி, ஒவ்வொரு ஜன்னலையும் எடுத்துப் புதுப் பசை வைத்து மாட்ட வேண்டும். அச்சு வேறு இருக்கிறது. பல ஏர்ஸ்ட்ரீம்களில் குழாய்க்குள் இருக்கும் ரப்பர் தண்டுகள்தான் ஸ்பிரிங். ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் அந்த ரப்பர் நாளாக நாளாக இறுகிவிடும். பிறகு ரோட்டின் ஒவ்வொரு குலுக்கலும் நேராக உடம்புக்குத்தான். டயரும் அப்படியே, பட்டன் தேயாமல் இருந்தாலும் வயதானால் மாற்றியே ஆக வேண்டும். கேஸ் குழாயில் கசிவு இருக்கிறதா என்று பார்ப்பதை யாரும் போட்டோ எடுக்கப் போவதில்லை. ஆனால் அதே வண்டிக்குள்தான் குடும்பம் தூங்குகிறது.

"என் வண்டி, என் காசு. உள்ளே எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு வெள்ளை பெயின்ட் அடித்துக்கொள்கிறேன், உனக்கென்ன?" என்று ஒருவர் கேட்கலாம். நியாயம்தான். குப்பையில் கிடந்து மட்குவதற்கு அது எவ்வளவோ மேல். ஆனால் மக்கிய பலகை மேல் புது விரிப்பை ஒட்டி, பெயின்ட் அடித்து விற்கும்போது அது சொந்த விஷயமாக இருப்பதில்லை. வாங்குகிறவர் நெடுஞ்சாலையில் இழுத்துப் போகப் போகிறார்.

அதனால்தான் இந்தச் சந்திப்புகள் முக்கியம் என்கிறேன். அந்தக் காலத்தில் டிரெய்லர் செய்த கம்பெனிகளில் பல இன்று இல்லை. கேட்டால் சொல்ல ஆள் கிடையாது. எந்த இடத்தில் ஒழுகும், எந்த ரிவெட்டை எப்படி எடுப்பது என்பதெல்லாம் வருடக்கணக்காகக் கையை அழுக்காக்கிக்கொண்டவர்களிடம்தான் இருக்கிறது. அவர்களில் பலர் வயதானவர்கள். ஒரு இளைஞன் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு ஜன்னலைக் கழற்றி மாட்டினால், பத்துப் புத்தகம் படித்த மாதிரி.

ஆகவே என் யோசனை ரொம்பச் சின்னது. ஒவ்வொரு சந்திப்பிலும் பாதி பிரித்துப் போட்ட டிரெய்லர் ஒன்றையாவது நடுவில் நிறுத்தட்டும். தகடு இல்லாமல், எலும்புக்கூடாக. மக்கிய பலகையையும் மாற்றிய பலகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கட்டும். மினுக்கும் வண்டியைச் சுற்றுகிற கூட்டத்தில் பாதி இங்கே வந்தாலும் போதும், இன்னும் நிறைய டிரெய்லர்கள் பத்திரமாக ரோட்டில் ஓடும்.