ஏழு அங்குலச் சொர்க்கம்

ஆடி வெள்ளி. சவ்வாது மலையின் அடிவாரத்தில், வாசல் என்றே பெயர் பூண்ட சந்தவாசலில், போளூர் செல்லும் பேருந்துக்காகக் காத்து நின்றேன். படவேட்டு ரேணுகாம்பாளைக் காணச் செல்வோரும் கண்டு திரும்புவோருமாக ஊர் நிறைந்து வழிந்தது. வந்த பேருந்தும் வழிந்துகொண்டே வந்தது. படிக்கட்டில் நால்வர், இருவர் அமரும் இருக்கையில் மூவர், அம்மூவர் மடியிலும் பிள்ளைகள்! நெருக்கடிதான், மறுக்கவில்லை. ஆயினும் முன்னே அமர்ந்தவருக்கு ஒரு நீதி, பின்னே நின்றவருக்கு ஒரு நீதி என்று அந்த வண்டியின் நடுவே எவரும் திரை கட்டித் தொங்கவிடவில்லை.

அடுத்த வண்டி வரட்டும் என்று தேநீர்க் கடை ஓரம் ஒதுங்கியபோது, நம் கிளைத் தோழர் ஒருவர் கைப்பேசியை நீட்டியபடி வந்தார். அவருடைய தமக்கையாருக்கு வயது அறுபத்தெட்டு. மகன் அமெரிக்காவில் கணிப்பொறி வேலையில் இருக்கிறான். பேரப்பிள்ளையைக் காண அம்மா வரவேண்டும் என்று பயணச்சீட்டு எடுத்து அனுப்பியிருக்கிறான். சென்னையிலிருந்து இலண்டன், அங்கே விமானம் மாறி அமெரிக்கா.

"அண்ணே, இதிலே பிரீமியம் எகானமி என்று போட்டிருக்கிறது. எகானமி என்றால் சிக்கனம். பிரீமியம் என்றால் உயர்வு என்கிறான் பையன். சிக்கனத்தில் என்ன அண்ணே உயர்வு?"

அரை மணி நேரம் விளக்கினேன். வண்டி வந்துவிட்டது. அவருக்கும் நிறைவில்லை, எனக்கும் நிறைவில்லை. எனவேதான் இந்த ஞாயிறு உங்கள்முன் அதனை எடுத்துவைக்கிறேன். வானூர்தியில் பறக்கும் சீமான்களின் கவலை நமக்கெதற்கு என்று தாளைப் புரட்டிவிடாதீர்கள். இன்று சீமான்கள் மட்டுமா பறக்கிறார்கள்? வளைகுடாவுக்குக் கம்பி கட்டப் போகும் இளைஞன் பறக்கிறான். பேரனைக் குளிப்பாட்டப் போகும் பாட்டி பறக்கிறாள்.

பெரிய தத்துவம் வேண்டாம்; அளவுகோலை எடுங்கள். ஓர் இருக்கையின் முதுகிலிருந்து அடுத்த இருக்கையின் முதுகு வரை உள்ள தூரம், சிக்கன வகுப்பில் ஏறத்தாழ 31 அங்குலம். புதிதாக முளைத்த இந்த 'உயர்சிக்கன' வகுப்பில் பெரும்பாலும் 38 அங்குலம். இடையே உள்ளது ஏழு அங்குலம்! அதனோடு அகலத்தில் ஓரிரண்டு அங்குலம், கொஞ்சம் கூடுதலாகச் சாயும் முதுகு, கால் தாங்க ஒரு பலகை, உணவு கொஞ்சம் நயம். இவற்றுக்காகக் கேட்கும் விலையோ ஒன்றரை மடங்கு, சில நாட்களில் இரண்டு மடங்கு. ஏர் இந்தியாவின் ஏ350 விமானத்தைப் பாருங்கள். மொத்தம் 316 இருக்கைகள். முன்னே கதவு சாத்திப் படுத்துறங்கும் தனியறைகள் 28. அடுத்து உயர்சிக்கனம் 24. அதற்கப்பால் 264 பேர், வரிசைக்கு ஒன்பது பேராக. 28, 24, 264! நாட்டின் சமுதாயப் படத்தை யாரோ அலுமினியக் குழாய்க்குள் வரைந்து வைத்ததுபோல் இல்லையா?

இந்த இடைவகுப்பு எப்போது பிறந்தது? விமானங்கள் தொடக்கத்தில் செல்வர்க்கே பறந்தன. அட்லாண்டிக் கடல்மீது 'டூரிஸ்ட்' என்ற மலிவு வகுப்பு வந்தது 1952-இல். 'எகானமி' என்ற பெயரோடு இன்னும் மலிவான வகுப்பு வந்தது 1958-இல். அப்போது நடந்த ஒரு வேடிக்கையைக் கேளுங்கள். சிக்கன வகுப்பினருக்குச் 'சாண்ட்விச்' மட்டுமே தரலாம், அதுவும் எளியதாக, ஆறியதாக இருக்கவேண்டும் என்று விமானக் கம்பெனிகளின் சங்கம் விதி செய்திருந்தது. ஸ்காண்டினேவிய விமானக் கம்பெனியோ, தன் நாட்டு வழக்கப்படி ரொட்டித் துண்டின்மேல் இறைச்சியும் மீனும் பலவும் அடுக்கி, இதுவும் சாண்ட்விச்தான் என்றது. அமெரிக்கக் கம்பெனி கொதித்தெழுந்தது! விசாரணை! அபராதம்! ஏழைப் பயணிக்கு ஒரு துண்டு மீன் கூடுதலாகப் போட்டதற்கு அபராதம், தோழர்களே! மீன் விலை கட்டுப்படியாகவில்லை என்பதா வழக்கு? இல்லை. பின்னே இருப்பவன் நன்றாகச் சாப்பிட்டுவிட்டால் முன்னே இருப்பவன் எதற்காகக் கூடுதல் பணம் கொடுப்பான் என்பதுதான் வழக்கின் உட்பொருள்.

இதனை நூறாண்டுக்கும் முன்பே கண்டு சொன்னவர் ஒருவர் உண்டு. பிரெஞ்சுப் பொறியாளர் ழூல் துப்புய், 1849-இல். அந்நாளைய ரயில்களில் மூன்றாம் வகுப்புப் பெட்டிக்குக் கூரை கிடையாது. மழையும் வெயிலும் ஏழையின் தலையிலே. கூரை போடும் செலவை மிச்சப்படுத்துவதற்காக அல்ல, ஏழையைத் துன்புறுத்தும் ஆசையினாலும் அல்ல. இரண்டாம் வகுப்புக்குப் பணம் கொடுக்கக்கூடியவன் மூன்றாம் வகுப்பில் ஏறிவிடாமல் அச்சுறுத்துவதற்காகவே கூரை இல்லை என்று அவர் எழுதினார். அடி விழுவது ஏழைக்கு. குறி வைத்தது பணக்காரனுக்கு!

இப்போது அந்த ஏழு அங்குலத்துக்குத் திரும்புவோம். தைவான் நாட்டு ஈவா ஏர், பிரிட்டனின் வர்ஜின் அட்லாண்டிக் ஆகிய கம்பெனிகள் 1990-களின் தொடக்கத்தில் இந்த இடைவகுப்பைக் கொண்டுவந்தன. நம் நாட்டுக்குள் விஸ்தாரா 2015-இல் கொண்டுவந்தது. ஏர் இந்தியா 2023-இல் அமெரிக்க வழித்தடங்களில் தொடங்கியது. இடைப்பட்ட காலத்தில் பின்னறைக்கு நேர்ந்தது என்ன? போயிங் 777 விமானத்தில் வரிசைக்கு ஒன்பது பேர் அமர்ந்திருந்த இடத்தில், பல கம்பெனிகள் பத்தாவது இருக்கையைச் செருகின. விமானத்தின் உடல் அகன்றதா? இல்லை, மனிதனின் தோள்தான் குறுகவேண்டியதாயிற்று! அதே விமானத்தில் வரிசைக்கு எட்டு இருக்கை போட்டால் அதற்குப் பெயர் உயர்சிக்கனம். ஒன்பதைப் பத்தாக்கியவன் எட்டை விற்கிறான். வலியை முதலில் விற்று, மருந்தைப் பிறகு விற்கும் வைத்தியன் இவன்.

"மலிவு விலை எப்படி வந்தது? நெருக்கி உட்கார வைத்ததால்தானே வந்தது? முழங்காலுக்கு இடம் கொடுத்தால், கம்பி கட்டப் போகும் உங்கள் இளைஞன் கட்டணம் கொடுக்க முடியாமல் ஊரிலேயே இருக்க வேண்டியதுதான்" என்பர் கம்பெனிக்காரர். இதில் உண்மையே இல்லை என்று நான் சாதிக்கமாட்டேன். எரிபொருள் விலை உண்டு; தலைக்குத் தலை பங்கிட்டால் கட்டணம் குறையும் என்பதும் கணக்கு. ஆனால் அந்தக் கணக்கு எல்லா வரிசைக்கும் ஒன்றாகப் போடப்படுகிறதா? 28 பேர் கால்நீட்டிப் படுத்துறங்கும் இடத்தை எவரும் நெருக்கவில்லை. அது வளர்ந்துகொண்டே வந்திருக்கிறது. முன்னே வளர்ந்த படுக்கையும் பின்னே குறைந்த தோளிடமும் ஒரே கூரையின்கீழ்தானே இருக்கின்றன?

நமக்கு இது புதிய காட்சியும் அன்று. 1926-இல் கட்டப்பட்ட 'ரஜுலா' கப்பலை நம் முன்னோர் அறிவர். சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஆள் ஏற்றிப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் சென்ற கப்பல் அது. மேலே அறைகளில் சிலர். தளத்திலே பாயும் மூட்டையுமாக ஆயிரக்கணக்கில் தமிழர். ஒரு காலத்தில் 5,000 பேர் வரை தளப்பயணிகளாக ஏற்ற அதற்கு அனுமதி இருந்தது. மலேயாவின் ரப்பர் மரம் அந்தத் தளத்தில் படுத்துப் போனவர்களின் கையால்தான் பால் கொடுத்தது. தோட்டத்திலே துரைக்கும் தொழிலாளிக்கும் நடுவே கங்காணி என்று ஒருவன் இருந்தான், நினைவிருக்கிறதா? இன்று பெரிய கம்பெனிகள், தலைவருக்குப் படுக்கை, நடுத்தர அதிகாரிக்கு ஏழு அங்குலம், மற்றவர்க்குப் பின்னறை என்று பயண விதி எழுதி வைத்திருக்கின்றன. இடைவகுப்பின் நிலையான வாடிக்கைக்காரர்களில் இந்த அதிகாரிகள் முக்கியமானவர்கள். கங்காணி வகுப்பு என்று நான் பெயரிட்டால் கோபித்துக்கொள்ளாதீர்கள். (நம் தோழரின் தமக்கையார் கங்காணி அல்லர், முழங்கால் வலிக்காரர். அதுவும் சொல்லிவிடுகிறேன்.)

ரயிலிலும் இடைவகுப்பு இருந்தது. 'இண்டர் கிளாஸ்' என்பார்கள். இரண்டாம் வகுப்புக்கும் மூன்றாம் வகுப்புக்கும் நடுவே அது இருந்தது. 1955-இல் பழைய முதல் வகுப்பை எடுத்துவிட்டு, இரண்டாவதை முதலாவது என்றும் இண்டரை இரண்டாவது என்றும் பெயர் மாற்றினார்கள். மூன்றாம் வகுப்பு என்ற பெயர் 1974-இல் ஒழிந்தது. பெயர் ஒழிந்தது, பலகை ஒழியவில்லை! வெறும் மரப்பலகையில் முதுகு தேய மக்கள் படுத்துச் சென்றார்கள். 1977-இல் ரயில்வே அமைச்சரான மது தண்டவதே, சோஷலிஸ்டுக் கட்சியில் வளர்ந்தவர், அந்தப் பலகைமீது இரண்டு அங்குல நுரைமெத்தை போடச் செய்தார். முதல் வகுப்பைக் கீழிறக்குவது அல்ல, இரண்டாம் வகுப்பை மேலேற்றுவதே தம் நோக்கம் என்பது அவர் நிலை. ரயில்வே அதனால் மூழ்கிப்போகவில்லை. இன்று மெத்தையில்லாத படுக்கைப் பெட்டியை நம் பிள்ளைகள் நினைத்தும் பார்க்கமாட்டார்கள்.

இரண்டு அங்குலத்தை ஓர் அமைச்சர் எல்லார்க்கும் பொதுவாக்கினார். ஏழு அங்குலத்தைக் கம்பெனி பணமுள்ளவனுக்குத் தனியாக்கியது. நான் சொல்ல வந்தது இவ்வளவே.

உடல்நலம் பற்றியும் ஒரு சொல். நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்தால், கால் நரம்பில் இரத்தம் உறையும் ஆபத்து ஏறத்தாழ இரு மடங்காகிறது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2007-இல் அறிவித்தது. அதற்காக அஞ்சி நடுங்க வேண்டியதில்லை. ஆறாயிரம் பேரில் ஒருவருக்கு நேரலாம் என்பதே அதன் கணக்கு. அன்றியும் விமானத்துக்கு மட்டுமல்ல, ரயில், பேருந்து, கார் எல்லாவற்றுக்கும் அது பொருந்தும் என்றது. குற்றவாளி வகுப்பு அல்ல, அசைவின்மை. ஆகவே ஏழு அங்குலம் வாங்கியவரும் அசையாதிருந்தால் தப்பமாட்டார். ஆனால் அசைவதற்கு இடம் வேண்டாமா? சன்னலோரம் அமர்ந்த மூதாட்டி, உறங்கும் இருவரைத் தாண்டி எத்தனை முறை எழுந்து நடப்பார்? கூச்சத்திலே தண்ணீர்கூடக் குடிக்காமல் இருந்துவிடுவார் நம் தாய்மார்.

அமெரிக்கக் காங்கிரஸ் 2018-இல் ஒரு சட்டம் இயற்றி, விமான இருக்கைக்குக் குறைந்தபட்ச அளவு வகுக்குமாறு தன் விமானத்துறைக்குக் கட்டளையிட்டது. ஓராண்டு கெடு. 2022-இல்தான் அத்துறை பொதுமக்களின் கருத்தைக் கேட்டது. ஆயிரமாயிரமாய்க் கருத்துகள் குவிந்தன. கருத்துக் குவிந்ததே தவிர, இருக்கை விரியவில்லை. அதைக் கண்டு நாம் சோர்வானேன்? பிரிட்டனில் 1844-இல் கிளாட்ஸ்டன் கொண்டுவந்த ரயில்வே சட்டம், நாள்தோறும் ஒரு வண்டியாவது, மைலுக்கு ஒரு பென்னிக்கு மேற்படாமல், இருக்கையும் கூரையும் உள்ள பெட்டியில் மூன்றாம் வகுப்பினரை ஏற்றிச் செல்ல வேண்டும் என்று கட்டாயப்படுத்தியது. கூரைக்குச் சட்டம் இயற்ற முடிந்தபோது முழங்காலுக்கு ஏன் முடியாது? நம் நாடாளுமன்ற உறுப்பினர்கள் அவையில் எழுந்து கேட்கட்டும்: நாற்காலியின் குறைந்தபட்ச அளவு, மனித உடலை வைத்து வகுக்கப்பட வேண்டும், அது எல்லா வகுப்புக்கும் பொது. அதற்குமேல் பட்டு விரிப்பவன் விரித்துக்கொள்ளட்டும்.

நம் ஒன்றிய அரசு செய்தது வேறொன்று. 2025 செப்டம்பர் 22 முதல், சிக்கன வகுப்பு நீங்கலாக மற்ற விமானச் சீட்டுகளுக்குச் சரக்கு-சேவை வரி 12 விழுக்காட்டிலிருந்து 18 ஆயிற்று, சிக்கனத்துக்கு 5-தான். ஆடம்பரத்துக்கு வரி போடுவதை நான் எதிர்ப்பவன் அல்லன். போடட்டும்! ஆனால் கதவு சாத்திய தனியறைக்கும் 18, கிழவியின் முழங்காலுக்கும் 18 என்னும்போது, பெயரில் சிக்கனம் தாங்கிய வகுப்பு வரியில் மட்டும் சீமான் ஆகிவிடுகிறது.

நம் தோழருக்கு நான் சொன்ன மறுமொழி இதுதான்: அக்கா தயங்காமல் போகட்டும். அந்த இருக்கையில் அமர்வது குற்றமல்ல. மகன் உழைத்த பணம். அவனும் கூலிக்காரன்தான், கூலி டாலரில் வருகிறது, அவ்வளவே. நடைவழியோர இருக்கையாகக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். இரண்டு மணிக்கு ஒருமுறை எழுந்து நடக்கட்டும், தண்ணீர் குடிக்கட்டும். திரைக்குப் பின்னால் இருப்பவர்களை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு வரட்டும்.

அவர் சிரித்தார். கைப்பேசியில் விரலை மேலும் கீழும் நகர்த்தி எதையோ தேடினார்.

"பார்த்துவிட்டு வர வேண்டியதில்லை அண்ணே. போகும்போது மட்டும்தான் இந்த இருக்கை. திரும்பி வருவதற்குப் பையனுக்குப் பணம் போதவில்லையாம். எகானமியில் போட்டிருக்கிறான், நாற்பத்தேழாவது வரிசை, நடு இருக்கை."