அட்வான்ஸ் இல்லாத அக்ரிமெண்ட்

கோவையில் பூமி வாங்க என்னிடம் வருகிறவர்களிடம் நான் முதலில் விலையைக் கேட்பதில்லை. "அந்தப் பக்கம் ஏதாச்சும் கோடு போட்டிருக்காங்களானு விசாரிச்சீங்களா?" என்றுதான் கேட்பேன். பத்திரம் எழுதியே தலை நரைத்தவன் நான். மூலப்பத்திரம் கையில் இருக்கும், வில்லங்கம் முப்பது வருஷத்துக்குச் சுத்தமாக இருக்கும், பட்டா விற்பவர் பேரிலேயே இருக்கும். இத்தனையும் இருந்து, சாலைக்கோ ஓடுபாதைக்கோ எங்கோ ஓர் அலுவலகத்தில் இழுத்த கோடு அந்த சர்வே நம்பரின் மேல் போயிருக்கும். வில்லங்கச் சான்றில் அது வராது. டோக்கன் போட்டு, சாட்சிகளையும் கூட்டிக்கொண்டு போய் உட்கார்ந்த பிறகுதான் "இந்த நம்பருக்குப் பதிவு நிறுத்தி வெச்சிருக்குதுங்க" என்ற பதில் வரும்.

சாலை வேண்டாம், விமான நிலையம் வேண்டாம் என்று கொடி பிடிப்பவன் அல்ல நான். அவிநாசி சாலையில் உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரை 10.1 கிலோமீட்டர் நீளத்துக்கு ஜி.டி. நாயுடு பெயரில் மேம்பாலம் 2025 அக்டோபரில் திறக்கப்பட்டதும், மகனை நச்சரித்து அவன் காரில் ஒருமுறை போய்வந்தேன். லட்சுமி மில், நவ இந்தியா, ஹோப்ஸ் என்று சிக்னலுக்கு சிக்னல் நின்று பழகியவனுக்கு அது பெரிய விஷயம்தான். 2020-இல் தொடங்கி, நடுவில் கொரோனாவையும் தாண்டி, ஐந்து வருஷத்தில் முடித்துவிட்டார்கள். அது சாத்தியமானதற்கு ஒரு காரணம், தூண்கள் பெரும்பாலும் ஏற்கெனவே இருந்த சாலையின் நடுவிலேயே எழும்பியதுதான். அடுத்தவர் நிலம் தேவைப்பட்டது முக்கியமாக ஏறுதளம், இறங்குதளம் அமையும் இடங்களில்.

அதே சாலையில், சிட்ராவில் திரும்பினால் விமான நிலையம். அதன் கதை வேறு. இப்போதுள்ள ஓடுபாதை ஏறத்தாழ 2,990 மீட்டர். அதை 3,800 மீட்டராக நீட்டினால் பெரிய விமானங்கள் இறங்கும். திருப்பூர் பின்னலாடைச் சரக்கு இங்கிருந்தே ஏறும். துபாய் போகிற நம்மூர்க்காரர்கள் வாளையாறு தாண்டி நெடும்பாசேரிக்கு ராத்திரியோடு ராத்திரியாக வேன் பிடிக்க வேண்டியிருக்காது. யாருக்கும் இதில் கருத்து வேறுபாடு இல்லை. 2010-இல் விரிவாக்கத்தை அறிவித்தார்கள். சிங்காநல்லூர், உப்பிலிபாளையம், காளப்பட்டி, நீலம்பூர் கிராமங்களில் 600 ஏக்கருக்கு மேல் வேண்டும் என்றார்கள். 2012-இல் பன்னாட்டு விமான நிலையம் என்ற தகுதியும் வந்தது. நிலம் மட்டும் வரவில்லை. இழப்பீடு எவ்வளவு, நடுவில் கிடக்கும் பாதுகாப்புத் துறை இடத்துக்கு என்ன வழி, நாளைக்கு மத்திய அரசு நிலையத்தைத் தனியாருக்குக் கொடுத்துவிட்டால் நிலம் எடுத்துக் கொடுத்த மாநிலத்துக்கு என்ன பங்கு என்று சென்னைக்கும் டெல்லிக்கும் இடையே கடிதங்கள் போய்வந்துகொண்டிருந்தன. கடைசிக் கேள்வி நியாயமானது என்றே இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் அந்தக் கேள்விக்குப் பதில் தேடிய காலத்துக்கு வட்டி கட்டியது சென்னையும் இல்லை, டெல்லியும் இல்லை. 2024-இல்தான் மாநில அரசு நிபந்தனையைத் தளர்த்தி நிலத்தை ஒப்படைக்க முடிவெடுத்தது. அறிவிப்புக்கும் முடிவுக்கும் நடுவே 14 வருஷம்.

அந்த வருஷங்களில் என் மேசைக்கு வந்தவர்களில் ஒரு பெரியம்மாவை மட்டும் சொல்கிறேன். கோட்டுக்குள் மாட்டிய ஒன்றரை ஏக்கரும், அதில் ஒரு தோட்டத்துச் சாளையும் அவருக்குச் சொத்து. பட்டாவையும் தாய்ப்பத்திரத்தையும் மருந்துக்கடைக் கவரில் சுற்றி எடுத்து வந்திருந்தார். விற்கிற எண்ணமே அவருக்கு இல்லை. மகனுக்கும் மகளுக்கும் பாதிப் பாதியாக செட்டில்மெண்ட் எழுத வேண்டும். "காசு பணம் ஒண்ணும் வேண்டாங் கண்ணு. ஆளுக்குப் பாதினு எழுதி வெச்சிரு. நாஞ் செத்தப்புறம் இதுக ரெண்டும் அடிச்சுக்கக் கூடாது" என்றார். எழுதினேன். பதிவாகவில்லை. பதிவு அலுவலகத்தில் இருந்த அலுவலர் முகம் சுளிக்கவில்லை, தண்ணீர்கூடக் கொடுத்தார். "மேல இருந்து லெட்டர் இருக்குதுங்கம்மா, நாங்க என்ன பண்ண" என்றார். எப்போது நீங்கும் என்று கேட்டதற்கு அவரிடம் பதில் இல்லை. அவருக்கு மேலே இருந்தவர்களிடமும் இருந்திருக்காது.

நிலம் எடுக்கும் வேலை கூடி வரும்போது பெரியம்மா இல்லை. வாரிசுச் சான்று, அதில் ஒரு பெயர்க் குழப்பம், மகளுக்குச் சீர் செய்தாயிற்று என்று மகன் ஒரு பேச்சு, அப்பா காலத்துப் பூமியில் எனக்கும் சம பங்கு என்று மகள் ஒரு வக்கீல் நோட்டீஸ். உரிமைத் தகராறு என்று வந்துவிட்டால் இழப்பீட்டுப் பணத்தை யார் கையிலும் கொடுக்க மாட்டார்கள். வழக்கு தீரும்வரை டெபாசிட்டில் போய்க் கிடக்கும். அப்படித்தான் ஆனது. ஒரு செட்டில்மெண்ட் பத்திரம் பதிவாகியிருந்தால் இத்தனைக்கும் வேலையே இல்லை.

என் தொழிலில் கிரய உடன்படிக்கை என்று ஒன்று உண்டு. எல்லோரும் அக்ரிமெண்ட் என்பார்கள். ஒருவர் உங்கள் பூமியை வாங்க நினைத்தால் அட்வான்ஸ் தருவார். மூன்று மாதமோ ஆறு மாதமோ கெடு போடுவோம். கெடுவுக்குள் மீதிப் பணம் வராவிட்டால் அட்வான்ஸைத் திரும்பக் கேட்கக் கூடாது என்றுகூட எழுதிக்கொள்வோம். அடுத்தவர் பூமியை விற்காமல் பிடித்து வைப்பதற்கு ஒரு விலை உண்டு என்பது சந்தையில் சின்ன புரோக்கருக்கும் தெரிந்த சங்கதி. அரசாங்கம் மட்டும் அட்வான்ஸும் கொடுக்காமல், கெடுவும் சொல்லாமல் அக்ரிமெண்ட் போட்டுவிடுகிறது. அதில் பூமிக்காரர் கையெழுத்துக்கூடத் தேவையில்லை.

இதனால் லாபம் அடைந்தவர்கள் யார் என்று பார்த்தால்தான் வயிறு எரியும். மகளுக்குக் கல்யாணம், ஆஸ்பத்திரிச் செலவு, மகனுக்கு இன்ஜினியரிங் சீட்டு என்று அவசரம் வந்தவர்கள் கிடைத்த விலைக்குக் கைமாற்றினார்கள். பதிவு ஆகாது என்பதால் வெற்று ஸ்டாம்ப் பேப்பரில் ஓர் ஒப்பந்தம், கூடவே சாவியும் ஒரிஜினலும். வாங்கியவர்கள் யார்? காத்திருக்கத் தெம்பு உள்ளவர்கள். வங்கிக்காரன் கோட்டுக்குள் இருக்கும் இடத்துக்குக் கடன் தரமாட்டான், வீடு கட்ட வரைபட அனுமதியும் கிடைக்காது என்கிறபோது ஏழைச் சம்சாரி என்ன செய்வார்? இதில் இன்னொரு கொடுமை, கோட்டுக்கு அந்தப் பக்கம். கோடு வருவதற்கு முன்பே பாகப் பிரிவினை செய்துகொண்ட அண்ணன் தம்பி இருவரை எனக்குத் தெரியும். கோடு அவர்கள் பொழியோரமாகவே போயிற்று. வெளியே நின்ற தம்பி பாகம் 'ஏர்போர்ட்டுக்குப் பக்கத்தில்' என்ற விளம்பரத்தோடு மனை மனையாகப் போனது. உள்ளே மாட்டிய அண்ணன் அதே தம்பியிடம் கைமாற்றுக் கேட்கப் போய் நின்றார். பாகம் பிரித்தபோது கிணறு இருக்கிற பக்கம் என்று அண்ணனாகக் கேட்டு வாங்கிய பாகம் அது.

"அதுதான் சந்தை மதிப்பைப் போல இரண்டு மடங்கு கொடுக்கிறார்களே" என்பார்கள். 2013-ஆம் ஆண்டு நிலம் எடுப்புச் சட்டம் சந்தை மதிப்போடு 100 விழுக்காடு ஆறுதல் தொகையும் சேர்த்துத் தரச் சொல்கிறது, உண்மை. அந்தச் சந்தை மதிப்பை எப்படிப் பிடிக்கிறார்கள்? ஒன்று, வழிகாட்டி மதிப்பு. மற்றொன்று, பக்கத்தில் முந்தைய மூன்று வருஷத்தில் பதிவான கிரயப் பத்திரங்களில் கூடுதல் விலை காட்டிய பாதியின் சராசரி. இரண்டில் எது அதிகமோ அது. கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் வருஷக்கணக்காகப் பதிவையே நிறுத்திவைத்த பகுதியில் கிரயப் பத்திரம் எங்கிருந்து வரும்? வந்தாலும், முத்திரைத் தீர்வையை மிச்சம் பிடிக்க உண்மை விலையைப் பத்திரத்தில் காட்டாத நம் ஜனங்களின் பழக்கம் இருக்கிறதே, அதை என்னைவிட யார் அறிவார்? சரி, வழிகாட்டி மதிப்பாவது நிலையாக இருந்ததா? தமிழ்நாட்டில் 2017 ஜூனில் அதை ஒரே வீச்சில் 33 விழுக்காடு குறைத்தார்கள். 2023 ஏப்ரலில் பழைய அளவுக்கே கொண்டுவந்தார்கள். கோப்பு நகரும் தேதி இந்த இரண்டுக்கும் நடுவில் விழுந்ததா, வெளியில் விழுந்ததா என்பதைப் பொறுத்து ஒருவரின் ஆயுள் சேமிப்பு கூடும், குறையும். இது திறமையும் இல்லை, உழைப்பும் இல்லை. வெறும் தேதி.

தாமதத்துக்கு ஆண்டுக்கு 12 விழுக்காடு கூடுதல் தொகை என்றும் அதே சட்டத்தில் இருக்கிறது. அது முறைப்படி அறிவிக்கை வெளியான நாளில் இருந்துதான் ஓடத் தொடங்கும். பேப்பரில் செய்தி வந்து, பதிவு நின்று, வங்கி கைவிரித்து ஓடிய வருஷங்கள் அந்தக் கணக்கில் ஏறாது.

அதிகாரிகள் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். பதிவை நிறுத்தாவிட்டால் என்ன நடக்கும் என்பது எனக்கு நன்றாகவே தெரியும். திட்டம் வருகிற வாசனை பட்டதும் ஒரே வாரத்தில் ஏக்கரை ஐந்து செண்டு மனைகளாகக் கூறு போட்டு, விலையை ஏற்றிக் காட்டி, ஐம்பது பேர் பெயரில் பதிந்துவிடுவார்கள். அரசுப் பணம் அவர்கள் பைக்குப் போகும். அந்தப் பத்திரங்களை எழுதுவதற்கு எங்களில் ஆள் வரிசையில் நிற்பார்கள் என்பதையும் ஒளிக்க வேண்டியதில்லை. ஆகவே விற்பனையை நிறுத்திவைப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. நிறுத்துகிறவர்கள் எத்தனை நாளைக்கு என்று சொல்லட்டும்.

சொல்ல முடியாது என்றும் இல்லை. 1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்திலேயே அதற்கு வழி இருக்கிறது. விரிவான வளர்ச்சித் திட்டத்தில் சாலைக்கு என்று ஒதுக்கிய நிலத்தை மூன்று வருஷத்துக்குள் எடுக்காவிட்டால் அது ஒதுக்கீட்டிலிருந்து விடுபட்டதாகவே கருதப்படும் என்கிறது 38-ஆம் பிரிவு. கோவையில் 'ஸ்கீம் ரோடு' என்றால் பீளமேட்டிலிருந்து கவுண்டம்பாளையம் வரை எல்லோருக்கும் தெரியும். வரைபடத்தில் அறுபது அடிச் சாலை. நேரில் போய்ப் பார்த்தால் தென்னந்தோப்பு. சட்டப்படி எப்போதோ விடுபட்டிருக்க வேண்டும். ஆனால் தானாக எதுவும் விடுபடுவதில்லை. பூமிக்காரர் மனுப் போட்டு, பதில் வராமல், உயர் நீதிமன்றத்துக்குப் போய் உத்தரவு வாங்கி வர வேண்டும். வசதி உள்ளவர் வாங்கி வந்து அபார்ட்மெண்ட் கட்டுகிறார். பக்கத்துத் தென்னந்தோப்புக்காரர் அப்படியே இருக்கிறார். ஒரே கோட்டின் மேல் இருவர் பூமியும் இருக்கும். ஒருவருடையது மட்டும் விடுபட்டிருக்கும். ஆக, அந்தச் சாலையும் இனி வரப்போவதில்லை.

விமான நிலையத்துக்கும் நெடுஞ்சாலைக்கும் நிலம் எடுக்கும் சட்டங்கள் வேறு என்பது தெரியும். மூன்று வருஷம் என்ற அந்தக் கெடுவை எல்லாவற்றுக்கும் கொண்டுவருவதில் என்ன தடை? கெடு தாண்டினால் கணினியே தடையை நீக்கட்டும், பூமிக்காரர் கோர்ட் படி ஏற வேண்டாம். கெடுவை நீட்டித்தே ஆக வேண்டும் என்றால், பதிவு நின்ற முதல் நாளிலிருந்து அந்த 12 விழுக்காட்டைக் கணக்கிட்டு வருஷா வருஷம் கொடுக்கட்டும். பணம் கொடுக்க வேண்டும் என்று வந்துவிட்டால் கோப்பு எவ்வளவு வேகமாக நகரும் என்று பார்க்க எனக்கும் ஆசை. தடை இருக்கிறது என்பதும், என்ன தேதி வரைக்கும் என்பதும் வில்லங்கச் சான்றிலேயே அச்சாகி வரட்டும். வாங்குகிறவனும் ஏமாற மாட்டான்.

இனி வரப்போகிற கோடுகள் இன்னும் நிறைய. அவிநாசி சாலை மேம்பாலத்தை நீலம்பூர் வரை நீட்டும் பேச்சு இருக்கிறது. மைல்கல்லில் தொடங்கி மாதம்பட்டி வழியாக நரசிம்மநாயக்கன்பாளையம் வரை 32 கிலோமீட்டருக்கு மேல் நீளும் மேற்குப் புறவழிச் சாலையில், கட்டம் கட்டமாக வேலை போகிறது. மெட்ரோ அறிக்கையை 2025 நவம்பரில் மத்திய அரசு திருப்பி அனுப்பிவிட்டது. சத்தி சாலையில் மெட்ரோவை நம்பி மனை வாங்கியவர்கள் இப்போது என்னிடம் வந்து, "வித்துரலாமுங்களா, வெச்சிருக்கலாமுங்களா" என்று கேட்கிறார்கள். அதற்குப் பதில் சொல்லும் படிப்பு எனக்கில்லை.

ஒன்றை மட்டும் நாளைக்கே செய்யலாம். செட்டில்மெண்ட், பாகப் பிரிவினை, விடுதலைப் பத்திரம் ஆகிய மூன்றும் குடும்பத்துக்குள் நடப்பவை. இவற்றில் விலை ஏற்றிக் காட்டவும் இடமில்லை. காட்டினாலும் இழப்பீட்டுச் சராசரியில் கிரயப் பத்திரம்தான் சேரும். நிலம் எடுப்பு வரம்புக்குள் இருந்தாலும் இந்த மூன்றையும் பதியலாம், புதிய பங்குதாரர் நிலம் எடுப்புக்குக் கட்டுப்பட்டவர் என்று ஒரு வரியைச் சேர்த்து எழுதினால் போதும் என்று பதிவுத் துறை ஒரு சுற்றறிக்கை அனுப்பட்டும். அந்த வரியை எழுதிக் கொடுக்க நாங்கள் தனிக் கூலி கேட்க மாட்டோம்.