உருமாறிய லாண்ட் றோவர்

தமிழாசிரியர் எழுதும் கட்டுரையென்றால் அஃது இலக்கியம் பற்றியதாகவோ சமயம் பற்றியதாகவோ இருக்கும் என்று மலரின் வாசகர் எதிர்பார்ப்பது இயல்பே. நாம் ஈண்டு ஒரு மோட்டார் வண்டியைப் பற்றி எழுதப் புகுந்தமைக்குக் காரணம் உண்டு. விழா ஏற்பாட்டுக் கூட்டமொன்று முடிந்து வெளியே வந்தபோது, மரநிழலில் நின்ற பழைய லாண்ட் றோவர் ஒன்றைச் சூழ்ந்து பழைய மாணவர் சிலர் வழக்காடிக்கொண்டிருந்தனர். “இதுவே வண்டி, இப்பொழுது இந்தப் பெயரில் வருவது வேறு ஏதோ ஒன்று” என்றார் ஒருவர். “இது வெறும் தகரப் பெட்டி; பின்னால் இருந்து போனவனின் இடுப்பைக் கேட்டுப் பாருங்கள்” என்றார் மற்றொருவர். “மாஸ்டர், நீங்கள் சொல்லுங்கள்” என்று இருவரும் எம்மை நோக்கித் திரும்பினர். அன்று சிரித்துவிட்டு வந்துவிட்டோம். அன்று கூறாத விடையை இன்று எழுதுகின்றோம்.

இவ்வண்டி பிறந்த வரலாறு எளியது. இரண்டாம் உலகப் போர் முடிந்த பின்னர், இங்கிலாந்தின் றோவர் நிறுவனத்தில் தலைமைப் பொறியியலாளராயிருந்த மோரிஸ் வில்க்ஸ் என்பார், வேல்ஸ் நாட்டு அங்கிள்சித் தீவிலிருந்த தமது பண்ணையில், போரிற் பயன்பட்டுக் கழிந்த அமெரிக்க ஜீப் ஒன்றை வைத்து வேலை செய்துவந்தார். அது தேய்ந்தொழிந்தால் அதனிடத்தில் எதனை வைப்பது என்ற எண்ணமே 1947 இல் புதிய வண்டிக்கு வித்தாயிற்று. 1948 ஏப்ரல் 30 இல் அம்ஸ்ரடாம் மோட்டார்க் கண்காட்சியில் லாண்ட் றோவர் உலகுக்குக் காட்டப்பட்டது. போருக்குப் பின் உருக்கு அரிதாயிருந்தமையால் அதன் உடலை அலுமினியக் கலப்புத் தகட்டினாற் செய்தனர். வளைவு நெளிவின்றித் தட்டையாகச் செய்தமை அழகு கருதியன்று. குறைந்த கருவிகளைக் கொண்டு எளிதிற் செய்துவிடலாம் என்பது கருதியே. இன்று அன்பர்கள் மனமுருகிப் போற்றும் அச்சதுர வடிவம் தட்டுப்பாட்டின் குழந்தை என்பதை முதலிலே நினைவிற் கொள்ளல் வேண்டும்.

நம் மலைநாட்டுக்கு அவ்வண்டி புதியதன்று. தெல்தெனியவிலிருந்து ரங்கலப் பக்கம் ஏறுகின்ற தோட்டத்து வழிகளையும், உன்னஸ்கிரியவிற் பிரிந்து லூல்வத்தையூடாக நக்கிள்ஸ் மலைத்தொடரைக் கடந்து மீமுரேக்கு இறங்குகின்ற வழியையும் அறிந்தோர்க்கு, நான்கு சக்கரங்களும் ஒருங்கே இழுக்கும் வண்டியின் அருமையை எடுத்துரைக்க வேண்டியதில்லை. நம்மூரார் அத்தகைய வண்டி எதுவாயினும் ‘ஜீப்’ என்றே வழங்குவர். தோட்டங்களில் அது துரையின் வண்டியாயிருந்தது. மழை இரவுகளில் நோயாளரின் வண்டியுமாயிற்று.

எம் குடும்பத்து நிகழ்ச்சி ஒன்றைக் கூறுதல் பொருந்தும். 1980களின் பிற்பகுதியில், ஒரு மழை இரவில், எம் அன்னையாரைப் பிரசவ வேதனையோடு தோட்டத்து லாண்ட் றோவரில் ஏற்றித் தெல்தெனிய வைத்தியசாலைக்குக் கொண்டு சென்றனர். சிறுவராயிருந்த நாமும் உடன் சென்றோம். வழியில் விழுந்து கிடந்த மரக்கிளையொன்று வண்டியின் அடியிற் புகுந்து, இயந்திரத்துக்குக் குளிர்நீர் செல்லும் குழாயைக் கிழித்துவிட்டது. சாரதி அண்ணன் இறங்கினார். கைவிளக்கை எம்மிடம் தந்தார். பழைய சக்கரக் குழாயின் துண்டொன்றைக் கத்தியால் நீளக் கீறிக் கிழிசலின்மேல் இறுகச் சுற்றிக் கம்பியாற் கட்டினார். வழியோர ஓடையில் நீர் மொண்டு ஊற்றினார். வண்டி மீண்டும் ஓடிற்று. தம்பி வைத்தியசாலையிற் பிறந்தான். அந்த வண்டிக்கும் அந்தக் கைக்கும் எம் குடும்பம் கடன்பட்டது. ஆயினும் எம் அன்னையார் பின்னாளிற் கூறுவது வேறு: “பிள்ளை பெற்ற நோவு மறந்துபோயிற்று, அந்தக் குலுக்கம் மறக்கவில்லை.”

இவ்விரண்டு உண்மைகளையும் ஒருங்கே வைத்துக்கொண்டுதான் புதிய வண்டியைப் பற்றி நியாயம் பேச முடியும். பழைய வண்டியைப் பாடுவோர் பெரும்பாலும் சாரதி ஆசனத்தில் இருந்தவர். பின்னாற் படுத்துச் சென்றவர் அல்லர்.

1990 இல் டிபெண்டர், அதாவது காவலன், என்று பெயரிடப்பெற்ற அவ்வண்டி 2016 ஜனவரி 29 இல் சொலிஹல் தொழிற்சாலையிலிருந்து கடைசியாக வெளிவந்தது. அதற்குள் 20 இலட்சத்திற்கு மேற்பட்ட வண்டிகள் செய்யப்பட்டிருந்தன. புகைக் கட்டுப்பாடும் விபத்துப் பாதுகாப்பும் பற்றிய புதிய சட்டங்களுக்கு ஈடுகொடுக்க அப்பழைய அமைப்பால் இயலாமற் போனமை அதன் முடிவுக்கு ஒரு முக்கிய காரணம். அப்போது அந்நிறுவனம் இந்தியரின் உடைமையாகி எட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. 2008 இல் டாட்டா மோட்டார்ஸ் அதனை அமெரிக்கப் போர்ட் நிறுவனத்திடமிருந்து வாங்கியிருந்தது. 2019 செப்ரெம்பரில் ஜேர்மனியின் பிராங்பேர்ட் கண்காட்சியில் புதிய டிபெண்டர் வெளிப்பட்டது. அது செய்யப்படுவது இங்கிலாந்திலன்று. ஸ்லோவாக்கியாவின் நித்ரா நகரிலே.

புதியது பழையதினின்றும் அடியோடு வேறானது. ஏணிபோன்ற தனி அடிச்சட்டமும் அதன்மேல் ஆணி முடுக்கிய உடலும் போய், அலுமினியத்தாலான ஒரே கூடாக வண்டி அமைந்தது. இருபுறச் சக்கரங்களையும் பிணைத்த உறுதியான அச்சுகள் போய், ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியே ஏறியிறங்கும் அமைப்பு வந்தது. நிலத்தின் தன்மைக்கேற்பச் சக்கரங்களை ஆளும் பொறுப்பைக் கணினி ஏற்றது. பழைய வண்டி அரை மீற்றர் ஆழமுள்ள நீரைக் கடக்கும் என்றால், புதியது 90 சென்ரிமீற்றர் ஆழத்தைக் கடக்கும். மென்மையும் பாதுகாப்பும் ஒப்பிட முடியாதவாறு மிகுந்தன. எம் அன்னையாரை அன்று இதிலே கொண்டு சென்றிருந்தால் அவர் குலுக்கத்தைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லியிரார்.

அங்ஙனமாயின் அன்பர்கள் ஏன் இருமனப்பட்டனர்? ஒருசாரார் வடிவத்தையே பற்றி நின்றனர். மூலைகள் மழுங்கிவிட்டன என்றும், பழைய முகம் போயிற்று என்றும் வருந்தினர். அவர் வருத்தத்தை நாம் எள்ளவில்லை. ஆனால் அதற்கு உடன்படவும் இல்லை. அவர்கள் ‘பழையது’ என்று கருதுவதும் பலமுறை மாறியதே. 1948 இல் முன்தட்டியின் நடுவே இருந்த விளக்குகள் 1960களின் இறுதியிற் பக்கங்களுக்கு நகர்ந்தன. அடுக்குத் தகட்டு வில்லுகள் 1983 முதல் நீங்கிச் சுருள்வில்லுகள் வந்தன. அப்போதும் முணுமுணுத்தோர் இல்லாமற் போயிருக்க முடியாது. அவர்கள் வெறுத்த புதுமையே அடுத்த தலைமுறைக்கு மரபாயிற்று.

அவ்வடிவத்தின்மேற் பற்றுக்கொண்ட பிரித்தானியச் செல்வர் ஜிம் ரட்கிளிப் என்பார், பழைய முறையிலேயே ஏணிச்சட்டமும் உறுதியான அச்சுகளும் கொண்ட கிரனேடியர் என்னும் வண்டியைச் செய்விக்கத் துணிந்தார். பழைய வடிவத்தைத் தமது வணிகக் குறியாகப் பதிந்து காக்க லாண்ட் றோவர் நிறுவனத்தார் செய்த முயற்சி 2020 இல் இங்கிலாந்து உயர் நீதிமன்றத்திலே தோல்வியுற்றது. 2022 முதல் அவரது வண்டி பிரான்சின் அம்பாக் நகரில் உருவாகின்றது. ஆனால் அதுவும் செல்வர் வாங்கும் வண்டியாகவே உள்ளது. வடிவம் திரும்பி வந்தது. உழவன் திரும்பி வரவில்லை. வழக்கின் உள்ளீடு இங்கேதான் இருக்கின்றது.

எமது கருத்தில், வருந்தத்தக்க இழப்பு முகமன்று, கை. பழைய வண்டியைச் செய்தவனுக்கும் ஓட்டியவனுக்கும் இடையே ஓர் உடன்பாடு இருந்தது. “இதனை நான் எப்படிப் பூட்டினேனோ அப்படியே நீ கழற்றலாம்” என்பதே அது. சாவி ஒன்றும் சுத்தியல் ஒன்றும் பொறுமையும் உடையவன் எவனும் அதன் சொந்தக்காரனாகலாம். பள்ளிப் படிப்பை நான்காம் வகுப்போடு நிறுத்திய எம் சாரதி அண்ணன் அவ்வண்டியை முற்றக் கற்றிருந்தார். எடின்பரோக் கோமகன் பிலிப் இளவரசர் தமது இறுதி ஊர்வலத்துக்காக டிபெண்டர் ஒன்றைத் தாமே திட்டமிட்டு மாற்றியமைப்பித்தார். 2021 ஏப்ரலில் அவர் உடலம் அதிலேயே சென்றது. இளவரசரும் தோட்டத்துச் சாரதியும் தத்தம் தேவைக்கேற்பத் திருத்திக்கொள்ள இடந்தந்த வண்டி அது. புதியதோ, குற்றம் நேர்ந்தால், அதனோடு பேசவல்ல கருவியையும் அக்கருவியை வைத்திருக்கும் நிலையத்தையும் வேண்டி நிற்கின்றது. மழை இரவில், காட்டு வழியில், அந்நிலையம் எங்கே இருக்கும்?

இஃது உணர்ச்சிப் பேச்சன்று. 2020 மார்ச்சில் நம் நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 பெப்ரவரியிலேயே தனியார் வாகனங்களுக்கு வழி மீண்டும் திறந்தது. இடையே 2022 இன் பொருளாதார நெருக்கடியையும் கண்டோம். அவ்வைந்தாண்டுகளில் நாட்டைச் சுமந்தவை திருத்தக்கூடிய பழைய வண்டிகளும் திருத்தத் தெரிந்த கைகளுமே. வேறு மலைநாடுகளும் இதற்குச் சான்று பகரும். டார்ஜிலிங் பக்கத்து மானேபஞ்சனிலிருந்து சந்தக்பூ மலைக்குத் தேயிலைத் துரைமார் விட்டுச்சென்ற லாண்ட் றோவர்கள் பல பதிற்றாண்டுகள் பயணிகளை ஏற்றின. நம்மவர் உழைத்த மலேசியாவின் கமரன் மலையிலும் காய்கறி சுமந்தவை அவையே. அவை நிலைத்தமைக்கு அழகு காரணமன்று. பட்டறையிற் கிடைப்பதைக் கொண்டு அவற்றை ஓடச் செய்ய முடிந்தமையே காரணம்.

மறுப்பு ஒன்று எழலாம். கணினி இன்றிப் பாதுகாப்பு இல்லை, புகை குறைப்பும் இல்லை. இரண்டையும் வேண்டுபவர் பழைய எளிமையையும் வேண்டலாகாது என்பர். முற்றாக ஏற்க இயலாத மறுப்பு இது. உயிர் காக்கும் புதுமையை நாம் வரவேற்கின்றோம். ஆனால் நுட்பமான பொருளைச் செய்பவன், அதனைத் திருத்தும் அறிவையும் கருவியையும் உதிரிப்பாகத்தையும் பூட்டி வைத்தே தீரவேண்டும் என்ற நியதி எங்கும் இல்லை. அது பொறியியல் விதித்த விதியன்று, வாணிகம் விதித்தது. மேலும், நம் நாட்டு வரியோடு சேர்த்தால் ஆசிரியர் ஒருவரின் வாழ்நாட் சம்பளமும் போதாத விலைக்கு விற்கும் வண்டி, மலைப்பாதையிற் செல்ல வல்லதாயிருந்தும், மலைவாசிக்கு எட்டாததாகிவிட்டது.

தமிழாசிரியரென்ற முறையில் ஓர் ஒப்புமை கூறுவோம். 1978 இல் தமிழ்நாட்டரசு எழுத்துச் சீர்திருத்தம் செய்தபோது, ‘லை’, ‘னை’ முதலிய எழுத்துகள் யானைத் துதிக்கைபோல் மேலெழுந்து வளையும் பழைய கோலத்தை இழந்தன. முதியோர் சிலர் கடைசிவரை துதிக்கையோடே எழுதினர். எமக்கு எழுத்தறிவித்த பாட்டனாரும் அவருள் ஒருவர். வடிவம் மாறிற்று, ஒலி மாறவில்லை, எழுதும் உரிமை எவர் கையினின்றும் பறிபோகவில்லை. தோட்டத்து லயத்துப் பிள்ளைக்கு எழுத்து இன்னும் எளிதாயிற்று. நல்ல சீர்திருத்தத்தின் இலக்கணம் அதுவே.

நாம் வாழும் ஊரும் உருமாறிய ஊரே. விக்டோரியா நீர்த்தேக்கம் 1985 இல் எழுந்தபோது பழைய தெல்தெனிய நகரம் நீருள் மூழ்கியது. மேட்டிலே புதிய நகரம் அமைந்தது. கடும் வரட்சியில் நீர் வற்றும்போது பழைய நகரின் இடிபாடுகள் வெளித்தோன்றும். முதியோர் கரையில் நின்று இன்ன கடை இங்கே, இன்ன சந்தி அங்கே என்று சுட்டுவர். அவர் நெஞ்சின் நோவு உண்மையானது. அந்நீர் பிறப்பித்த மின்னொளியிற் படித்த மாணவரின் நன்மையும் உண்மையானது. இரண்டில் ஒன்றைப் பொய்யென்று தள்ளுவோர்க்குக் கணக்குத் தெரியாது.

நன்னூல் செய்த பவணந்தி முனிவர் பழையன நீங்கிப் புதியன வருதலைக் குற்றமாகக் கொண்டிலர். ஆனால் அவ்விடைகொடுப்பை நூலின் தொடக்கத்தில் வைக்கவில்லை. எழுத்தும் சொல்லும் முற்றக் கற்பித்த பின், நூல் முடியுமிடத்தில் வைத்தார். எதனை விடலாம் என்பதை, எது உயிர் என்று கற்றவனே அறிவான்.

விழாக் காணும் நம் கல்லூரிக்கும் இது பொருந்தும். பழைய மண்டபம் போய் மாடிக் கட்டடம் எழுவது கண்டு பெருமூச்செறியும் பழைய மாணவ அன்பர்கள் அப்பெருமூச்சுக்கு நாணவேண்டியதில்லை. ஆனால் அவர்கள் விழிப்போடு கேட்கவேண்டிய கேள்வி சுவரைப் பற்றியதன்று. கையில் ஒன்றுமின்றி மலையிலிருந்து இறங்கிவரும் பிள்ளை இன்னும் இவ்வாயிலுட் புக முடிகின்றதா? புகுந்தவன், தானே திருத்தவும் தானே சிந்திக்கவும் கற்று வெளியேறுகின்றானா? ஆம் எனின், எவ்வுருவில் இருந்தாலும் அது நம் கல்லூரியே.

மரநிழலில் வழக்காடிய நண்பர்களுக்கு எமது தீர்ப்பு இதுதான்: புதிய வண்டி நல்ல வண்டி. பழையது அதனினும் நல்ல தோழன். அடுத்து வரைபவர் இரண்டையும் ஒன்றாக்க வல்லவராயின், முதல் வாழ்த்து மலைநாட்டிலிருந்தே செல்லும்.