தேடினால் கிடைக்கும், கிடைத்தால் பிழைப்போமா?

நாற்பது வயதைத் தாண்டியவர்கள் வருடம் ஒருமுறை முழு உடல் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும், எந்த நோயையும் முளையிலேயே கிள்ளிவிடலாம் என்கிறார்கள். ஆஸ்பத்திரி வாசல் பேனரிலிருந்து குடும்ப வாட்ஸப் குழு வரை இதை யாரும் கேள்வி கேட்பதில்லை. பொங்கலுக்குத் தள்ளுபடி, அன்னையர் தினத்துக்குத் தள்ளுபடி, அப்பா அம்மா இருவருக்கும் சேர்த்து எடுத்தால் இன்னும் கொஞ்சம் தள்ளுபடி. தொந்தரவு என்று டாக்டரிடம் போகிறவருக்கு அவர் எழுதித்தரும் டெஸ்ட் பற்றி எனக்கு வழக்கு எதுவும் இல்லை. எந்தத் தொந்தரவும் இல்லாத ஆளை உட்காரவைத்து எழுபது அளவுகளைப் பார்த்துவிட்டு, எவ்வளவு பார்க்கிறோமோ அவ்வளவு நல்லது என்கிறார்களே, அதைத்தான் மறுக்கிறேன்.

இதற்குச் சொல்லப்படும் முதல் காரணம், டெஸ்ட் பொய் சொல்லாது என்பது. 1978-ல் ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியைச் சார்ந்த டாக்டர்கள், மாணவர்கள் 60 பேரிடம் ஒரு கணக்கைக் கேட்டார்கள். ஆயிரத்தில் ஒருவருக்கு வரும் நோய். நோய் இல்லாதவர்களிலும் 5 சதவீதம் பேருக்குத் தவறாக பாசிட்டிவ் காட்டும் டெஸ்ட். பாசிட்டிவ் வந்தவருக்கு உண்மையிலேயே அந்த நோய் இருக்க எவ்வளவு வாய்ப்பு? 27 பேர் 95 சதவீதம் என்றார்கள். சரியான விடை கிட்டத்தட்ட 2 சதவீதம். சொன்னவர்கள் 11 பேர்தான். ஆயிரம் பேரைச் சோதித்தால் நோயாளி ஒருவர். மீதி 999 பேரில் ஏறக்குறைய 50 பேருக்கு வீணாக பாசிட்டிவ் வரும். ஆக 51 ரிப்போர்ட்டில் மெய்யானது ஒன்று. அதே டெஸ்டை, பாதிப்பேருக்கு நோய் இருக்கும் என்று சந்தேகிக்கத்தக்க கூட்டத்தில் வைத்துப் பாருங்கள்: பாசிட்டிவ் வந்த நூறு பேரில் 95 பேர் நிஜ நோயாளிகளாக இருப்பார்கள். டெஸ்ட் அதேதான், யாருக்கு எடுத்தோம் என்பதுதான் வேறு.

லேப் ரிப்போர்ட்டில் தடித்த எழுத்தில் வரும் எண்களுக்கும் இப்படி ஒரு கதை உண்டு. பல அளவுகளுக்கு 'நார்மல்' எல்லையை எப்படி வகுக்கிறார்கள்? ஆரோக்கியமானவர்களில் 95 சதவீதம் பேர் எதற்குள் வருகிறார்களோ அதுதான் எல்லை. மீதி 5 சதவீதம் பேர் நன்றாக இருந்தும் எல்லைக்கு வெளியே நிற்பார்கள். ஒன்றையொன்று சாராத 20 அளவுகளைப் பார்த்தால், முழு ஆரோக்கியமான ஆளுக்கும் ஒன்றாவது தடித்த எழுத்தில் வர 64 சதவீத வாய்ப்பு. எழுபது பார்த்தால் கேட்கவே வேண்டாம். அந்த ஒன்றைத் துரத்திக்கொண்டு அடுத்த டெஸ்ட், ஸ்கேன், ஸ்பெஷலிஸ்ட் என்று பயணம் தொடங்கிவிடும்.

இரண்டாவது காரணம்தான் உணர்ச்சியைத் தொடுவது. புற்றுநோயைச் சீக்கிரம் பிடித்தால் உயிர் பிழைக்கும் என்கிறார்கள். சில புற்றுநோய்களுக்கு இது உண்மை, அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். எல்லாவற்றுக்கும் உண்மையா என்று பார்க்கத் தென்கொரியாவுக்குப் போக வேண்டும். 1999-ல் அங்கே தேசியப் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டம் தொடங்கியது. தைராய்டு அதில் இல்லை. ஆனால் வந்தவர்களிடம் 30 முதல் 50 டாலர் கூடுதலாகக் கொடுத்தால் கழுத்துக்கும் அல்ட்ராசவுண்ட் எடுத்துவிடலாம் என்று ஆஸ்பத்திரிகள் சொல்லத் தொடங்கின. யார் வேண்டாம் என்பார்கள்? 2011-ல் தைராய்டு புற்றுநோய் கண்டறியப்படும் விகிதம் 1993-ல் இருந்ததைப்போல் 15 மடங்கு ஆகியிருந்தது. அந்த ஓர் ஆண்டில் மட்டும் 40,000-க்கும் மேற்பட்டவர்கள் புற்றுநோயாளிகள் ஆனார்கள்.

இத்தனை பேரை முளையிலேயே பிடித்த பிறகு சாவு எண்ணிக்கை குறைந்திருக்க வேண்டுமே? அது இருந்த இடத்திலேயே இருந்தது. அத்தனை சின்னக் கட்டிகளில் மிகப் பெரும்பாலானவை ஆளை ஒன்றும் செய்யாமல் ஆயுள் முழுக்கக் கழுத்திலேயே கிடந்திருக்கும். வேறு காரணத்தால் இறந்தவர்களின் உடல்களை அறுத்துப் பார்த்த பின்லாந்து ஆய்வு ஒன்றில், மூன்றில் ஒருவருக்கு மேல் தைராய்டில் இப்படிப்பட்ட நுண்கட்டி இருந்தது. ஆனால் கொரியாவில் பிடிபட்ட ஏறக்குறைய எல்லோருக்கும் அறுவை சிகிச்சை நடந்தது. பெரும்பாலானவர்களுக்கு வாழ்நாள் முழுக்க ஹார்மோன் மாத்திரை. அறுவை செய்துகொண்டவர்களில் 11 சதவீதம் பேருக்குக் கால்சியத்தைக் கவனிக்கும் சுரப்பி பழுதானது, 2 சதவீதம் பேருக்குக் குரல்நாண் செயலிழந்தது. நோய் எதுவும் செய்யாத கெடுதலைச் சிகிச்சை செய்தது. 2014-ல் அந்நாட்டு டாக்டர்கள் சிலர் சேர்ந்து கழுத்து ஸ்கேனை நிறுத்தச் சொல்லிப் பகிரங்கமாக எழுதினார்கள். ஒரே ஆண்டில் அறுவைகள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தன. இங்கே பல பேக்கேஜ்களில் கழுத்து ஸ்கேன் இன்னும் 'இலவச இணைப்பு'.

ஐந்தாண்டு உயிர்வாழும் விகிதம் கூடியிருக்கிறதே என்று உடனே ஒரு புள்ளிவிவரம் நீட்டப்படும். 2007-ல் அமெரிக்க அரசியல்வாதி ரூடி ஜூலியானி இதைத்தான் செய்தார்: புராஸ்டேட் புற்றுநோயில் பிழைக்கும் வாய்ப்பு அமெரிக்காவில் 82 சதவீதம், இங்கிலாந்தில் 44 சதவீதம் என்றார். இரு நாட்டிலும் மக்கள்தொகையில் அந்த நோயால் இறப்பவர்களின் விகிதம் ஏறக்குறைய ஒன்றே என்பதைச் சொல்லவில்லை. மதுரை வண்டியில் எழும்பூரில் ஏறினாலும் தாம்பரத்தில் ஏறினாலும் இறங்கும் நேரம் ஒன்றுதான். எழும்பூரில் ஏறியவர் வண்டியில் இருந்த நேரம்தான் அதிகம். 70 வயதில் இறக்கப்போகிறவருக்கு நோயை 67-ல் கண்டுபிடித்தால் மூன்றாண்டு, 60-ல் கண்டுபிடித்தால் பத்தாண்டு 'பிழைத்தார்' என்று கணக்கு வரும். கூடியது அவர் நோயாளி என்று அறிந்து வாழ்ந்த காலம்.

வெறும் ரத்தம்தானே, எடுத்தால் என்ன கெட்டுவிடும் என்று கேட்பவர்களுக்கு சிஏ 125 பற்றிச் சொல்லலாம். சினைப்பைப் புற்றுநோய்க்கான குறியீடு என்று பெண்களின் பேக்கேஜில் இதைச் சேர்க்கிறார்கள். அமெரிக்காவில் 78,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் இந்த ரத்தப் பரிசோதனையையும் ஸ்கேனையும் வைத்து நடந்த ஆய்வின் முடிவு 2011-ல் வந்தது. இறப்பு குறையவில்லை. பொய்யாக பாசிட்டிவ் வந்த 3,285 பெண்களில் 1,080 பேர் அறுவை மேசை வரை போனார்கள். அவர்களில் 163 பேருக்குக் கடுமையான சிக்கல். புற்றுநோயே இல்லாத பெண்கள் இவர்கள்.

நம் ஊரில் மக்கள் முற்றிய பிறகுதானே ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள், அவர்களிடம் போய் டெஸ்ட் வேண்டாம் என்பது மேட்டுக்குடிப் பேச்சு அல்லவா? இந்த ஆட்சேபத்தில் பாதிக்கு மேல் நியாயம். அதற்கான பதிலும் நம் ஊரிலேயே, திண்டுக்கல் மாவட்டத்தில் இருக்கிறது. பயிற்சி பெற்ற நர்ஸ்கள் கருப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவி, வெளுத்த இடம் தெரிகிறதா என்று கண்ணால் பார்த்தார்கள். தேவைப்பட்டவர்களுக்கு உறைநிலைச் சிகிச்சையும் கிடைத்தது. 30 முதல் 59 வயதுப் பெண்களிடம் கருப்பை வாய்ப் புற்றுநோய் இறப்பு 35 சதவீதம் குறைந்தது. 2007-ல் லான்செட் இதழில் வெளியான ஆய்வு இது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகப் பரிசோதனை தரப்படாமல் விடப்பட்ட சுமார் 31,000 பெண்களை நினைத்தால் சங்கடமாகத்தான் இருக்கிறது. இந்தியாவில் நடந்த இவ்வகை ஆய்வுகள் மீது இதற்காகக் கண்டனம் எழவும் செய்தது. ஆனாலும் எந்தப் பரிசோதனை உயிர் காக்கும் என்று ஆதாரத்தோடு நமக்குத் தெரியும். அது மலிவானது, சிகிச்சையோடு இணைந்தது. மலிவு, சிகிச்சையோடு இணைப்பு என்று பார்த்தால் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் அந்த வரிசைதான். 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' வீட்டுக்கே வந்து அவற்றைத்தான் பார்க்கிறது. ஏழைக்கு இது கிடைக்காமல் இருப்பது அநியாயம். பணம் உள்ளவர் எழுபது அளவுகள் பார்ப்பதால் அந்த அநியாயம் தீராது. பொதுவான உடல் பரிசோதனைகள் பற்றி இரண்டரை லட்சம் பேரை உள்ளடக்கிய 15 ஆய்வுகளைத் திரட்டி 2019-ல் கோக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பு வெளியிட்ட அறிக்கை, மொத்த இறப்பில் எந்தக் குறைவும் காணவில்லை.

கடைசி வாதம்: என் உடம்பு, என் காசு, தெரிந்துகொள்வது என் உரிமை. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எதைத் தெரிந்துகொண்டு அந்தக் காசைக் கட்டுகிறோம்? டாக்டர் நோயாளியை அனுப்பியதற்குக் கமிஷன் வாங்கக்கூடாது என்று மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு நெறிமுறைகள் சொல்கின்றன. பேக்கேஜ் வியாபாரத்தில் நடுவில் டாக்டரே இல்லை. போன் செய்வது விற்பனைப் பிரிவு. அறுவைக்கு முன்னால் பக்கம் பக்கமாகக் கையெழுத்து வாங்குகிறார்கள், அந்த மேசைக்கு இட்டுச்செல்லும் முதல் ஊசிக்கு ஒரு வரிகூட விளக்கம் இல்லை. சொல்ல முடியாத விஷயமும் இல்லை இது. புராஸ்டேட் புற்றுநோயைத் தேடும் பிஎஸ்ஏ டெஸ்டுக்கு அமெரிக்க அரசு அமைத்த வல்லுநர் குழு 2018-ல் ஒரே பக்கத்தில் சொன்னது: 55 முதல் 69 வயதுள்ள ஆயிரம் ஆண்களுக்குத் தொடர்ந்து எடுத்தால் சுமார் 240 பேருக்கு பாசிட்டிவ் வரும், 100 பேருக்குப் பயாப்ஸியில் புற்றுநோய் தெரியும், அந்த நோயால் சாவதிலிருந்து தப்புபவர் ஒருவர் அல்லது இருவர், சிகிச்சை எடுத்தவர்களில் பலருக்கு ஆண்மைக் குறைவு, சிலருக்குச் சிறுநீர் அடங்காமை. இதைப் படித்துவிட்டு ஒருவர் கையை நீட்டலாம், இன்னொருவர் வீட்டுக்குக் கிளம்பலாம். இரண்டும் நியாயமான முடிவுகளே. பிஎஸ்ஏவைச் சேர்த்து விற்கும் ஒவ்வொரு லேபும் அந்த ஒரு பக்கத்தைத் தமிழில் அச்சடித்து, பணம் வாங்குவதற்கு முன் கையில் கொடுக்க வேண்டும்.