லட்சத்துக்கு அப்பால்

பதினொன்றாவது படிக்கும் என் பேரன் போன வாரம் கம்ப்யூட்டரை விட்டு எழுந்து வந்தான். "தாத்தா, 20161-க்கு மேல எந்த நம்பரையும் ரெண்டு மிகை எண்ணோட கூட்டுத்தொகையா எழுதலாம்" என்றான்.

"எப்படித் தெரியும்?"

"ஒரு லட்சம் வரைக்கும் ஓட்டிப் பார்த்துட்டேன்."

லட்சத்துக்கு அப்பால்? பதில் இல்லை.

மிகை எண் என்பது, தன்னை விட்டுவிட்டு மற்ற வகுத்திகளைக் கூட்டினால் தன்னைவிட அதிகம் வரும் எண். 12-க்கு 1+2+3+4+6=16. பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சில் 'அபோந்தான்' என்று படித்தேன். கூட்டுத்தொகை அதே எண்ணாக வந்தால் அது நிறை எண். 6, 28 அப்படிப்பட்டவை.

இரட்டை எண்கள் சுலபம். 12 முதல் 6-இன் மடங்குகள் எல்லாமே மிகை எண்கள். 20, 40-ம் மிகை எண்கள். 12, 20, 40 இவற்றில் ஒன்றோடு அந்த மடங்குகளைக் கூட்டினால் 46-க்கு மேற்பட்ட இரட்டை எண்கள் அத்தனையும் வந்துவிடும். 46 மட்டும் நூலிழையில் தவறுகிறது: 40+6, 18+28 என்று பிரித்தால் நிறை எண்கள் குறுக்கே நிற்கின்றன.

ஒற்றை எண்களுக்குத்தான் சிரமம். மிகச் சிறிய ஒற்றை மிகை எண்ணே 945. ஆனால் 88-ம் மிகை எண். மிகை எண்ணின் மடங்குகளும் மிகை எண்களே. 945-க்கும் 88-க்கும் 1 தவிரப் பொது வகுத்தி கிடையாது. ஆகவே 83160-க்கு (945×88) மேற்பட்ட எந்த எண்ணிலிருந்தும் 945-ஐ ஒவ்வொன்றாக 88 தடவை கழித்துக்கொண்டே வந்தால், கிடைக்கும் 88 விடைகளில் ஒன்று 88-ஆல் மீதியின்றி வகுபட்டே தீரும். அப்போது அந்த எண் இரண்டு மிகை எண்களாகப் பிரிந்துவிட்டது. எவ்வளவு பெரிய எண்ணானாலும் இதுதான் வழி.

83160 வரை இயந்திரம் பார்த்துவிட்டது. அதற்கு மேல் காரணம் பார்த்துக்கொள்கிறது. இரண்டும் சேர்ந்தால்தான் கணக்கு முடிகிறது.

காகிதத்தில் எழுதிக் காட்டினேன். பேரன் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இதைப் பள்ளிக்கூடத்துல ஏன் தாத்தா சொல்லித் தர்றதில்ல?" என்றான்.

என் கேள்வியும் அதுதான். விடையை வேகமாகக் குறிக்கப் பழக்குகிறோம். 'ஏன்' என்று கேட்கப் பழக்குவதில்லை. விடையைச் சொல்ல இயந்திரம் வந்துவிட்ட காலத்தில், பிள்ளைகளுக்கு மிச்சமிருக்கும் வேலையே அந்த 'ஏன்'தான். இதனால் என்ன லாபம் என்று கேட்கும் நண்பர்களுக்கு என் பதில்: லட்சத்துக்கு அப்பால் இருப்பதையும் நிச்சயமாகச் சொல்ல முடியும் என்று ஒரு பிள்ளைக்குத் தெரிந்ததே, அது போதாதா?